கார்ட்டர் வாரில் 20 எழுத்துகள்: ஐந்தாம் ஹென்றியின் கேடயம், இதுவரை

இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியின் அரசச் சின்னத்தைக் கன்றுத்தோலில் தீட்டும் வேலையில், என்னை நெடுநாள் திணறடித்த கட்டம் ஒருவழியாக முடிந்தது. கேடயத்தைச் சுற்றிவரும் நீலக் கார்ட்டர் வாரில் (காலில் கட்டும் வாரின் உருவம்) ‘ஓனி சுவா கி மல் இ பான்ஸ்’ (Honi soit qui mal y pense) என்னும் பிரெஞ்சு வாசகத்தின் 20 எழுத்துகளும் இழுபறியின்றி உட்கார்ந்துவிட்டன. பொன்தாள் ஒட்டுவதுதான் இந்தக் கலையின் கடினமான பகுதி என்பவர்கள், இந்த ஒரு வாசகத்தை வட்டத்தில் எழுதிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இந்த வாரைச் சின்னமாகக் கொண்ட கார்ட்டர் வீரர் குழாமை 1348ஐ ஒட்டி நிறுவியவர் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டாக இருக்க, அவருடைய கேடயத்தை விட்டு ஹென்றியினுடையதை எடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரி 1340இல் எட்வர்ட் தம் சிங்கங்களுக்கு முன்பாக கேடயத்தின் முதல் காற்பகுதியில் வைத்த பிரெஞ்சு லில்லி மலர்கள், நீலப் பரப்பு முழுவதும் இறைந்து கிடப்பவை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவை மூன்றாகக் குறைந்தன. 30 மி.மீ. கட்டத்துக்குள் இறைந்த லில்லிகளை ஒவ்வொன்றாக ஜெசோவில் (பொன்னுக்கு அடியில் மேடாகப் பூசும் வெள்ளைக் கூழ்) எழுப்பிப் பொன் ஏற்றும் பொறுமை எனக்கில்லை. மேலும், கேடயத்தைச் சுற்றிக் கார்ட்டர் வாரை வரையும் வழக்கமே 15ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. எட்வர்டின் கேடயத்துக்கு அதை மாட்டினால் காலம் முன்பின்னாகிவிடும்.

இனி வாரின் கணக்கு. வெளி ஆரம் 60 மி.மீ., உள் ஆரம் 46 மி.மீ., எழுத்தின் உயரம் 8 மி.மீ. கீழே கொக்கிக்கும் தொங்கும் நுனிக்கும் 60 பாகையை ஒதுக்கினால் 300 பாகை மிஞ்சுகிறது. எழுத்தின் நடு உயரத்தில், அதாவது 53 மி.மீ. ஆரத்தில், அது சுமார் 277 மி.மீ. நீளம். இருபது எழுத்துகளுக்கும் ஐந்து இடைவெளிகளுக்கும் இது தாராளமாகப் போதும். சிக்கல் நீளத்தில் இல்லை, சமநிலையில் இருக்கிறது. சொற்கள் ஆறு; ‘கி’க்கும் ‘மல்’லுக்கும் நடுவே உள்ள இடைவெளி பன்னிரண்டு மணித் திசையில், கேடயத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே விழுந்தால்தான் கண்ணுக்கு நிம்மதி. ஆனால் முதல் மூன்று சொற்களில் 11 எழுத்துகள், பின் மூன்றில் 9. முன்பாதியில் ஒல்லியான ‘ஐ’ மூன்று இருப்பதால் வித்தியாசம் ஓரளவு ஈடாகிறது; முழுவதும் ஈடாவதில்லை. எழுத்துகளை அவற்றின் இயல்பான அகலத்தில் எழுதிச் சென்றால், ‘கி’யின் கடைசி எழுத்தே உச்சியில் குச்சிபோல் நிற்கிறது.

இடைக்கால எழுத்துக்கூட்டல் ஒரே சீராக இருந்ததில்லை என்பதால், வேறு வடிவம் எதுவும் கைகொடுக்குமா என்றும் தேடினேன். ஆர்தர் அரசரின் வீரரான சர் கவெய்னின் கதை அடங்கிய கையெழுத்துப் படியின் முடிவில் இதே வாசகம் உள்ளது. அங்கே முதல் இரண்டு சொற்களிலும் ‘ஐ’க்குப் பதிலாக ‘ஒய்’ வருகிறது, பின்பாதியில் தனியாக நிற்கவேண்டிய ‘ஒய்’யோ இல்லவே இல்லை. கனமான பாதி மேலும் கனக்க, மெலிந்த பாதி மேலும் மெலிகிறது. நமக்குப் பழகிய எழுத்துக்கூட்டலே வாருக்கு ஏற்றது என்று அதோடு விட்டுவிட்டேன்.

தீர்வு சொற்களுக்கு இடையில் கிடைத்தது. முன்பாதியின் இரண்டு இடைவெளிகளிலும் சிறு புள்ளி மட்டும் வைத்து, பின்பாதியில் தனியெழுத்தாக நிற்கும் ‘ஒய்’யின் இரு பக்கமும் நாலிதழ்ப் பூ வைத்தேன். பூ இருக்கும் இடத்தில் அகலம் கூடினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். உச்சி இடைவெளி இப்போது நடுக்கோட்டின் மேல் நிற்கிறது.

அதன் பிறகும் ‘மல்’ என்ற சொல் மட்டும் வழிக்கு வரவில்லை. அடிக்கோடு 49 மி.மீ. ஆரத்திலும் தலைக்கோடு 57 மி.மீ. ஆரத்திலும் ஓடுவதால், எழுத்துகளின் தலைப்பக்கத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு இடம் கூடுதலாகத் திறக்கிறது. தலை கூம்பிய ‘ஏ’யும் தலைப்பக்கம் வெறுமையான ‘எல்’லும் அடுத்தடுத்து வரும்போது, அந்தத் திறப்பில் ஒரு பெரிய ஓட்டையே விழுகிறது. நெருக்கி எழுதினால் கால்கள் மோதுகின்றன, தலையில் ஓட்டை அப்படியே இருக்கிறது. ரோமானியப் பேரெழுத்தை விட்டுவிட்டு, வளைந்து பருத்த இடைக்கால லொம்பார்டிக் பேரெழுத்துக்கு மாறியது இதற்காகவே. லொம்பார்டிக் ‘ஏ’யின் தலையில் ஒரு தட்டையான பட்டை உண்டு, அதை இருபுறமும் ஒரு மி.மீ. நீட்டினேன். ‘எல்’லின் தண்டை நடுவில் பருக்கவைத்து, அதன் காலை இயன்றவரை குறுக்கினேன். டிரேசிங் தாளில் எழுதிய எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி, வாரின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதே இதற்குச் சரியான முறை. பாகைமானி தொடக்கப் புள்ளியைத் தரும், மற்றதைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும்.

பொன்தாள் பற்றி ஒரு புலம்பல். இணையத்தில் 23 காரட் என்று சொல்லி எனக்கு ஒருவர் விற்ற பொன்தாள் புத்தகத்தில் பாதித் தாள்கள் மடிப்பிலேயே கிழிந்திருந்தன. தஞ்சாவூர் ஓவியத்துக்கு விற்கும் தாளை வாங்கிக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது பசையில் ஒட்டுவதற்கான தடித்த தாள். ஜெசோவின் மேல் ஊதிய மூச்சின் ஈரத்தில் அது பிடிப்பதில்லை, அகேட் கல்லால் தேய்த்தாலும் கண்ணாடிப் பளபளப்பு வருவதில்லை. ஜெசோவுக்கு வெள்ளீயத்தை விட்டுவிட்டுச் சுண்ணத் தூளைப் போடுகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது ஈயம் வேண்டாம்.

வாரின் நிறத்துக்கு அசுரைட் என்ற நீலக் கனிம நிறமியையே எடுத்துக்கொண்டேன். இன்று காணும் அடர் நீலம் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் வெளிர் நீலம்தான். நீலமும் பொன்னும் பிரெஞ்சு அரசச் சின்னத்தின் நிறங்கள் என்பதால், “இதில் தீங்கு நினைப்பவர் வெட்கப்படட்டும்” என்னும் வாரின் வாசகம் எட்வர்டின் அரியணைக் கோரிக்கையைப் பழிப்பவர்களை நோக்கிச் சொன்னது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. நடனத்தில் ஒரு சீமாட்டியின் கால்வார் நழுவியதாம், அரசர் எடுத்துக் கட்டிக்கொண்டாராம் என்ற கதைக்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் படத்தைப் பார்க்கும் எல்லோரும் முதலில் கேட்பது அந்தக் கதையைத்தான்.

கேடயத்துக்குக் கீழே வரும் நாடாவில் ‘டியூ எ மோன் துருவா’ (Dieu et mon droit, ‘இறைவனும் என் உரிமையும்’) இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. முதலாம் ரிச்சர்ட் 1198இல் ஜிசோரில் போருக்கான அடையாளச் சொல்லாகப் பயன்படுத்தினார் என்று வழங்கப்படும் இந்த வாசகம், அரசரின் நிலையான வாசகமானதைப் பெரும்பாலும் ஐந்தாம் ஹென்றியின் பெயரில்தான் எழுதுகிறார்கள். பதினான்கு எழுத்துகள், நாடாவின் மடிப்புகளில் சொற்களைப் பிரித்துப் போடலாம் என்பதால் வாரைப்போல் படுத்தாது.

அது முடிவதற்குள்ளேயே கை அடுத்ததைத் தேடுகிறது. பிரான்சின் பூர்ஜ் நகரில் 1443க்கும் 1451க்கும் இடையில் கட்டப்பட்ட, ஜாக் கர் என்ற வணிகரின் மாளிகையில், ‘வீர இதயங்களுக்கு இயலாதது எதுவுமில்லை’ என்ற பிரெஞ்சு வாசகத்தைச் செதுக்கியவர்கள், இதயம் என்ற சொல்லை எழுதாமல் இதய உருவங்களையே வைத்திருக்கிறார்கள். ‘கர்’ என்ற அந்த வணிகரின் குடும்பப் பெயரின் பொருளும் இதயமே. நேர்ப்பட்டையில் எழுதவேண்டிய வாசகம், வட்டக் கணக்கு கிடையாது, ஜெசோவில் எழுப்புவதற்கு இதயம் போன்ற வசதியான வடிவமும் வேறில்லை. அதற்கான தோலைச் சொல்லிவைத்துவிட்டேன். ஹென்றியின் லில்லிகளுக்குப் பொன் ஏற்றும் வேலை மழைக்காலம் கழிந்த பிறகுதான். இந்த ஈரப்பதத்தில் ஜெசோ இறுகவே மாட்டேன் என்கிறது.