கிராம சபையில் ஒரு தீர்மானம் போட வைத்த கதை

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் மூன்றாவது முறை வாசலில் வந்து நின்ற பிறகுதான் கிராம சபைக்குப் போகலாம் என்ற யோசனையே எனக்கு வந்தது. நானும் என் மகள்கள் இருவரும் (மூவரும் திருநங்கைகள்; ஜமாத்து என்கிற எங்கள் திருநங்கைச் சமூக முறையில் அவர்கள் எனக்கு மகள்கள்) அந்த வீட்டில் நான்கு வருடமாக இருந்தோம், வாடகை பாக்கி ஒரு மாதம்கூட கிடையாது. "தெருவுல பேசுறாங்கம்மா" என்றார். யார் பேசுகிறார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்.

கலெக்டர் கையெழுத்துப் போட்ட திருநங்கை அடையாளச் சான்று என்னிடம் இருந்தது, 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் நகலும் இருந்தது. அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, திருநர் என்பதற்காக வாடகை வீடு மறுக்கக் கூடாது என்கிறது. மறுத்தால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. 18-ஆம் பிரிவில் தண்டனை உண்டு, வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்தினால் 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வது இதில் வருமா என்று காவல் நிலையத்தில் கேட்டதற்கு, "அது சிவில், பேசித் தீத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, பேசித்தான் தீர்ப்போம் என்று 2023 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மூவரும் புடவை கட்டிக்கொண்டு போனோம்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. கூட்டப் பொருள் மேலிடத்திலிருந்தே அச்சடித்து வருகிறது, அதைச் செயலர் தம்பி மளமளவென்று வாசித்தார், நான் எழுந்தபோது "மனுவைக் குடுத்துட்டுப் போங்கக்கா, பாக்கலாம்" என்றார், அவ்வளவுதான், மிட்டாய் வந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் எங்கள் மூவரையும் ஆண்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்று ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் ஊராட்சியில் இரண்டாயிரம் பேர் இருப்போம். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் கிராம சபைக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். பந்தலில் நான் எண்ணியது அறுபது தலை. மீதிக் கையெழுத்துக்குப் பதிவேடு வீடு வீடாகப் போகும், எல்லா ஊரிலும் நடப்பதுதான். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வருகிற அதிகாரி, அதாவது பற்றாளரும் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த நாற்பது பேர் குறைவைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அக்டோபர் 2-க்கு முன்னால் மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வைத்து தேதி போட்டு வாங்கினேன் (முதல் முறை இதைச் செய்யாதது என் முட்டாள்தனம்). அப்புறம் கையெழுத்துக்கு வீடு வீடாக ஏறினோம். வயதான அம்மாக்கள்தான் மறுப்பார்கள் என்று நினைத்தேன், அவர்கள் "நீயும் ஒருத்தி பெத்த பிள்ளதானே" என்று முதலில் கைநாட்டு வைத்தார்கள். படித்த பிள்ளைகளிடம்தான் கேள்வி அதிகம். மளிகைக் கடைக்காரர் ஒருவர், கடை திறந்த அன்று என்னைக் கூப்பிட்டு முதல் போணி செய்ய வைத்தவர், "பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற தெருவும்மா" என்றார். அந்த மனிதர் மேல் இன்னும் எனக்குக் கோபம் போகவில்லை. நாலைந்து பேர் "எங்களுக்கு ஒண்ணுமில்ல, பேரு மட்டும் போடாத" என்றார்கள். ஊரில் பாதிப் பேரின் கருத்து இதுதான் என்று நினைக்கிறேன், எதிர்ப்பு கிடையாது, பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பானோ என்ற பயம்.

மகளிர் குழு அக்காக்கள் வருவதாகச் சொன்னார்கள், கூடவே நூறு நாள் வேலைப் பாக்கிக் கூலியையும் பேச வேண்டும் என்றார்கள். தாராளமாக!

ஊராட்சித் தலைவர் கூட்டத்துக்கு முதல் நாள் இரவே ஆளனுப்பினார். போனேன். "ஓட்டுன்னு பாத்தா நீங்க மூணு பேரும்மா, நான் ஊரைப் பகைச்சுக்க முடியுமா?" என்று நேராகவே கேட்டார். வேலூர் மாநகராட்சியில் 2022-ல் கங்கா நாயக் என்ற திருநங்கை கவுன்சிலராக ஜெயித்ததைச் சொன்னேன், சிரித்துவிட்டு "அது டவுன்" என்றார். நாளை எங்களோடு நாற்பது பெண்கள் வருகிறார்கள், நாங்கள் எழுந்து போனால் கோரம் (குறைந்தபட்ச வருகை) இருக்காது, அதைப் பற்றாளரிடம் நானே சொல்வேன் என்றேன். காபி கொண்டுவரச் சொன்னார்.

கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் சண்டை, அதுவும் வார்த்தைக்காக. "வாடகை வீடு மறுக்கக் கூடாது" என்ற வரிக்கு, என் வீடு என் இஷ்டம் என்று பின்னாலிருந்து குரல்கள். தலைவர் "திருநங்கைகள் நலனுக்கு ஆவன செய்ய" என்று போடலாம் என்றார். ஆவன செய்ய என்றால் ஒன்றும் செய்யாமலிருக்க என்று எனக்குத் தெரியும். கடைசியில் வாடகை வரியை நான் விட்டுக்கொடுத்தேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. பதிலுக்கு, 2019 சட்டத்தின் 3, 18 பிரிவுகளை ஊராட்சி மதித்து நடக்கும் என்று பிரிவு எண்ணோடு எழுத வைத்தேன். நூறு நாள் வேலைக்கு எங்களுக்கு அட்டை, வீட்டுமனைப் பட்டாவுக்குப் பரிந்துரை, இரண்டும் சேர்ந்தன. செயலர் முதலில் "அரவாணிகள்" என்று எழுதியிருந்தார், அடித்துத் திருத்தச் சொன்னேன், அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போடச் சொன்னேன். கை தூக்கியவர்களில் பெண்கள்தான் அதிகம். மளிகைக் கடைக்காரர் தூக்கவில்லை.

தீர்மான நகல் வாங்க ஐந்து தடவை நடந்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவேன் என்றதும் அன்று சாயங்காலமே வந்தது. கிராம சபைத் தீர்மானம் கோர்ட் உத்தரவு இல்லை, வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அதே காவல் நிலையத்தில் அந்தத் தாளை வைத்தபோது உட்காரச் சொன்னார்கள், வீட்டுக்காரரை அழைத்துப் பேசினார்கள். இப்போது காலி பண்ணச் சொல்வதில்லை, வாடகையில் 500 ரூபாய் ஏற்றிவிட்டார். வேலை அட்டை வந்தது, அப்போது நாள் கூலி 294 ரூபாய். 2024 ஜனவரி 26 கூட்டத்தில் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன், பெண்கள் கணக்கில் இருந்தோம்.

பட்டா மனு தாலுகா ஆபீசில் இருக்கிறது. போன வாரமும் போனேன், சர்வேயர் லீவாம்.