ஹார்மோன் எடுக்கலாமா, வேண்டாமா: முடிவெடுக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது

இரவு இரண்டு மணிக்கு முதலில் நெஞ்சுதான் விழித்துக்கொள்ளும். ஒரு நொடி படபடப்பு. அடுத்த நொடி மார்பிலிருந்து கழுத்து, காது, நெற்றி என்று அனல் ஏறும். போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தால் துணி முதுகோடு ஒட்டிக் கிடக்கும். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். வியர்வை காயத் தொடங்கியதும் நடுக்கும் குளிர். உதறிய போர்வையையே இழுத்துப் போர்த்திக்கொள்வேன். மறுபடி கண் அயர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அப்போது எனக்கு 49 வயது. கடைசி மாதவிடாய் வந்து 14 மாதம் ஆகியிருந்தது. இதயத்தில் ஏதோ கோளாறு என்று பயந்து இசிஜி எடுத்தேன், நன்றாக இருந்தது. தைராய்டும் சரி. மாதவிடாய் நின்றதால் வரும் தொல்லைதான் இது. "வயசானா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், பழகிடும்" என்று முதல் மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். எத்தனை நாளில் பழகும் என்று சொல்லவில்லை. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வில், அடிக்கடி சூடேறும் பெண்களில் பாதிப் பேருக்கு இது 7 ஆண்டுக்கு மேல் நீடித்ததாகப் பின்னால் படித்தேன். ஏழு வருடம் அரைத் தூக்கத்தில் வாழ்வதைப் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தலையணை ஓரமாக ஒரு சின்ன நோட்டு வைத்தேன். ஒவ்வொரு முறை எழும்போதும் இருட்டிலேயே ஒரு கோடு. காலையில் பார்த்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரு இரவுக்குச் சராசரியாக ஐந்து, ஆறு. பகலில் நான்கைந்து. இந்த நோட்டுதான் பின்னால் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று மருத்துவரிடம் சொல்வதற்கும், "ஒரு வாரத்தில் 70 தடவை" என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இதற்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு, அதாவது மாதவிடாய் நிற்கும்போது உடம்பில் குறையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது. ஆனால் ஹார்மோன் என்ற சொல்லே எனக்குப் பயம். காரணம் என் பெரியம்மா மகள். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, அது திரும்பி வராமலிருக்க டாமாக்சிஃபென் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையாலும் உடம்பு சூடேறும். ஒருநாள் போனில் நான் என் இரவுகளைப் பற்றிச் சொன்னதும், "எனக்கு ஹார்மோன் கிடையவே கிடையாதுன்னு சொல்லிட்டாங்கடி. நீ ஏன் அந்தப் பக்கம் போறே?" என்றார். அதோடு நான் அந்தக் கதவைச் சாத்திவிட்டேன்.

முதலில் மூலிகை. பிளாக் கோஹோஷ் மாத்திரையை மூன்று மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட்டேன். முதல் மாதம் கோடுகள் கொஞ்சம் குறைந்தன, எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் மாதம் பழைய கணக்குக்கே வந்துவிட்டது. இந்த விஷயத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தாலும் ஆய்வுகளில் பலருக்குக் குறைகிறது. அதனால்தான் ஒவ்வொரு மூலிகைக்கும் "எனக்குக் கேட்டது" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நோட்டு வைத்துக்கொண்டு மூன்று மாதம் பாருங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன்.

அப்புறம் இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அவர் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. பிறகு கேள்விகள்: கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருக்கிறதா, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு? எல்லாவற்றுக்கும் இல்லை. அக்காவைப் பற்றிச் சொன்னேன். "உங்க அம்மாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்ததா?" இல்லை. "அப்படின்னா உங்க அக்காவுக்கு மூடின கதவு உங்களுக்கும் மூடினதுன்னு நினைக்காதீங்க" என்றார்.

அவர் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதினார். 30, 38. எல்லோரையும் பயமுறுத்திய ஆய்வு அமெரிக்காவில் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்'. அதில் ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போன்ற புரோஜெஸ்டின் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்ட பகுதியை 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். 10,000 பெண்களில் ஓராண்டில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய், மருந்து சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதலாக 8 பேர். செய்தியில் இது 26 சதவீதம் அதிகம் என்று வந்தது. இரண்டும் ஒரே கணக்குதான், ஆனால் சதவீதத்தைக் கேட்டால் வயிறு கலங்குகிறது, 10,000இல் 8 என்றால் உட்கார்ந்து யோசிக்க முடிகிறது.

அந்த 8 பேரைச் சின்ன எண் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. என் அக்கா ஒரு எண் இல்லையே. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, அவர்கள் சாப்பிட்டது வாய்வழி மாத்திரை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கும் பெண்களுக்கு, தடையாக வேறு நோய் இல்லை என்றால், பொதுவாகப் பலன்தான் அதிகம் என்று மெனோபாஸ் மருத்துவர்களின் அமைப்புகள் இப்போது சொல்கின்றன. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. தோல் வழியாகப் போகும் ஜெல்லிலும் பேட்ச்சிலும் வழக்கமான அளவில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன்.

அன்று நான் சரி என்று சொல்லவில்லை. ஹார்மோன் இல்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் சொன்னார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளை இதற்கும் கொடுக்கிறார்கள். குறைந்த அளவு பாராக்செடினுக்கு 2013இல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. இரவுத் தொல்லைக்கு, வலிப்பு நோய்க்குத் தரும் காபாபென்டின் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் சின்னச் சூட்டுக்கே உடம்பைக் குளிர்விக்கக் கிளம்பிவிடுகிறது. அந்த இடத்துச் சமிக்ஞையையே தடுக்கும் ஃபெசோலினெடன்ட் 2023இல் வந்தது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை அடிக்கடி செய்யவேண்டும். இவை தவிர சிபிடி என்ற மனநலப் பயிற்சி.

நான் முதலில் சிபிடியை எடுத்துக்கொண்டேன். ஆறு அமர்வுகள். நோட்டில் கோடுகள் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அனல் ஏறும்போது "போச்சு, இன்றைய தூக்கம் போச்சு, நாளை வேலையில் என்ன ஆவேனோ" என்று ஓடும் மனது அடங்கியது. முக்கால் மணி நேரம் விழித்துக் கிடந்தவள் இருபது நிமிடத்தில் தூங்கினேன். இதை நான் இன்னும் விடவில்லை.

ஆனாலும் இரவுக்கு ஐந்து முறை எழுவது அப்படியே இருந்தது. மேமோகிராம் எடுத்து, பிரஷர் பார்த்து, ஏழாவது மாதம் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லைத் தொடங்கினேன். கூடவே இரவில் 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன். அது லேசாகத் தூக்கம் தரும், அதனால் படுக்கும்போதுதான் போடவேண்டும். ஜெல்லைக் கையின் மேல்பகுதியில் தடவி, காய்ந்த பிறகும் ஒரு மணி நேரமாவது யாரும் அந்த இடத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குழந்தைகள் முக்கியமாக. முதல் நாள் அந்தக் குளிர்ந்த ஈரம் காயும்வரை கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லையே என்ற உறுத்தல்.

மூன்றாம் வாரம் இரவுக் கோடுகள் மூன்றாகின. இரண்டாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. நடுங்கிப் போனேன். தொடக்க மாதங்களில் இது வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தும், அந்தக் கறையைப் பார்த்ததும் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஸ்கேனில் உட்சுவர் மெல்லியதாகவே இருந்தது, பிறகு அதுவாக நின்றது. மூன்றாம் மாத முடிவில் வாரத்துக்கு 70 இருந்தது 9 ஆகியிருந்தது. மூட்டு வலியில் பெரிய மாற்றம் இல்லை, எடையும் குறையவில்லை. பிறப்புறுப்பு வறட்சிக்கு மட்டும் தனியாக, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் சேர்த்தார்கள். இதைச் சொல்ல எனக்கு இரண்டு சந்திப்புகள் ஆயின. முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்கலாம்.

கடைசியில் அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி தூங்குறியா?" என்று மட்டும் கேட்டார். தூங்குகிறேன் என்றேன். அவருக்கும் வழி இருக்கிறது, நோட்டு எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள் என்றேன். டாமாக்சிஃபென் வேலை செய்வதை பாராக்செடின் தடுக்கும் என்பதால் அவருக்கு மனச்சோர்வு மாத்திரைகளில் இன்னொன்றான வென்லாஃபாக்சின் கொடுத்தார்கள். முதல் வாரம் குமட்டல் இருந்ததாம். இப்போது அவர் கோடுகள் பாதியாகிவிட்டன. தினமும் காலையில் எண்ணை எனக்கு அனுப்புகிறார், நான் என்னுடையதை அனுப்புகிறேன். இன்று அவருக்கு மூன்று, எனக்கு ஒன்று.