மௌஸ் மேக்ரோவை கேம் கண்டுபிடிக்குமா? பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் சோதிக்கும் முறை

"அண்ணே, மேக்ரோ மௌஸ் உள்ளுக்குள்ளயே இருந்தா எந்த கேமும் கண்டுபிடிக்காது." மேக்ரோ என்றால் ஒரே அழுத்தலில் பல க்ளிக்கோ அசைவோ தானாக நடக்கும்படி முன்பே பதிந்து வைத்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு மௌஸைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பிகளில் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. மற்ற பாதியில்தான் அக்கவுண்ட் போகிறது. எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சில கேம்கள் அக்கவுண்டோடு கம்ப்யூட்டரையும் சேர்த்தே தடை செய்யும். ஒருவர் செய்ததற்கு, அடுத்து அதே நாற்காலியில் உட்காருபவர் மாட்டுவார். அதனால் ஒவ்வொரு மௌஸையும் சோதித்த பிறகே உள்ளே விடுகிறோம்.

முதலில் மேக்ரோ எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆட்டோஹாட்கீ மாதிரி, விசைகளையும் க்ளிக்கையும் தானாக அனுப்பும் மென்பொருளின் ஸ்கிரிப்ட் அனுப்பும் க்ளிக்கில், அது செயற்கையாக நுழைக்கப்பட்டது என்று விண்டோஸே ஓர் அடையாளம் குத்திவிடும். அதை எந்த நிரலும் படிக்கலாம். ரா இன்புட் (சாதனம் அனுப்புவதை நிரல் நேரடியாகப் படிக்க விண்டோஸ் தரும் வழி) வழியாகப் பார்த்தால் அந்த க்ளிக் எந்த மௌஸிலிருந்து வந்தது என்ற இடம் பூஜ்யமாக நிற்கும். இதைவிட எளிதாக மாட்டுவது வேறு இல்லை.

லாஜிடெக்கின் மௌஸ் மென்பொருளான ஜி ஹப்பில், லுவா என்ற நிரல் மொழியில் எழுதும் ஸ்கிரிப்ட் வேறு ரகம். அது மௌஸில் ஏறுவதே இல்லை, கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. ஜி ஹப் தனக்கென்று ஒரு மெய்நிகர் மௌஸை உருவாக்கி வைத்திருக்கிறது; டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அதன் பெயர் தெரியும். ஜன்னலை மூடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எல்ஜிஹப் ஏஜென்ட் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்த வேண்டும். ஜி ஹப் இருப்பது மட்டும் குற்றமல்ல. டிபிஐ (மௌஸின் வேக அளவு) மாற்றவும் விளக்கு நிறம் மாற்றவும் அதைத்தான் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது ரகம், மௌஸின் சொந்த நினைவகத்தில் பதிந்த மேக்ரோ. இங்கே தம்பி சொன்னது சரி. அது யூஎஸ்பி வழியே வரும்போது விரல் அழுத்திய க்ளிக்குக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. வாலரன்ட் கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வேன்கார்ட் போல, கம்ப்யூட்டர் எழும்போதே விண்டோஸின் உள்மையமான கெர்னலில் ஏறி உட்காரும் காவலாளிக்குக்கூட அங்கே பிடித்துக்கொள்ள அடையாளம் கிடையாது. ஆனால் தாளம் இருக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் ஏகே-47 நிமிடத்துக்கு 600 குண்டு சுடும்; 30 குண்டும் 3 விநாடியில் தீரும். சுடும்போது துப்பாக்கி மேலே எகிறும் (ரீகாயில்); அதை அடக்க மௌஸைக் கீழே இழுக்க வேண்டும். அந்த 3 விநாடியும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் பார்வை கீழே இறங்கினால், சர்வருக்கு மௌஸின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 2024 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்டிரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம் செய்தது இதற்கு நல்ல உதாரணம். ஒரே அழுத்தலில் பல செயல்களைத் தானாகச் செய்வதாகச் சந்தேகப்பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவோம் என்று அறிவித்தார்கள். ரேசரின் ஸ்னாப் டேப் (எதிரெதிர் விசை இரண்டையும் அழுத்தினால் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுக்கும் வசதி) போன்றவை கீபோர்டுக்குள்ளேயே ஓடுபவை, அவையும் அதில் அடக்கம்.

சோதனை இப்படி. எந்த மௌஸ் மென்பொருளும் ஏறாத ஒரு கம்ப்யூட்டரைத் தனியாக வைத்திருக்கிறோம். அதில் மௌஸைச் செருகி, பெயின்ட்டைத் திறந்து, பிரஷ் எடுத்து, கையை அசைக்காமல் இடது பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடிக்கிறோம். ஒரு புள்ளிதான் விழ வேண்டும். கோடு கீழே இறங்கினால் ரீகாயில் மேக்ரோ மௌஸுக்குள் இருக்கிறது. வலது பட்டனைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை (அப்போது பெயின்ட் கோடு போடாமல் விடலாம், கர்சர் இறங்குகிறதா என்று பாருங்கள்), பக்கவாட்டுப் பட்டன் ஒவ்வொன்றோடும் ஒரு முறை செய்ய வேண்டும். பிறகு ப்ரொஃபைலை (மௌஸில் சேமித்த அமைப்புத் தொகுப்பை) மாற்றி, முதலிலிருந்து மறுபடியும். லாஜிடெக்கின் ஜி502 ஹீரோ மௌஸில் 5 ப்ரொஃபைல் வரை உண்டு. முதலாவதைப் பார்த்துவிட்டு 'சுத்தம்' என்று சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அதே மௌஸை ஆட்டக்காரரின் சொந்த லேப்டாப்பிலும் பார்க்க வேண்டும். கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் மூன்றையும் போட்டும் அணைத்தும் பாருங்கள். லுவா ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் ஸ்விட்சாக வைப்பார்கள். லேப்டாப்பில் கோடு இறங்கி, தனிக் கம்ப்யூட்டரில் இறங்கவில்லையென்றால் குற்றவாளி மென்பொருள், மௌஸ் அல்ல.

அடுத்து க்ளிக் நேரம். 50 முறை க்ளிக் செய்யச் சொல்லிப் பதிகிறோம். மனித விரல் ஒரு முறை 70 மில்லிவிநாடி அழுத்தும், அடுத்த முறை 95. மேக்ரோவில் 50 மில்லிவிநாடி என்று பதிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் 50தான், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். இங்கே அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. போலிங் (மௌஸ் கம்ப்யூட்டருக்கு விநாடிக்கு எத்தனை முறை தகவல் தருகிறது என்பது) 125 ஹெர்ட்ஸில் இருந்தால் மௌஸ் 8 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் பேசும். 72, 80, 88 என்று எண்கள் வரிசையாக நிற்க, நேர்மையான கை மேக்ரோ போலத் தெரியும். 1000 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் பதிய வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மௌஸ் ஒரு கீபோர்டாகவும் தெரிவது சகஜம். பக்கவாட்டுப் பட்டன்கள் விசை அனுப்புவதற்காக அது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

பழைய மௌஸ் வாங்கியவர்கள் அழிக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால் மௌஸ் நினைவகத்தில் ஒன்றும் அழியாது. ஜி ஹப்பில் ஆன்போர்டு மெமரி பகுதிக்குப் போய், ஒவ்வொரு இடத்திலும் தொழிற்சாலை ப்ரொஃபைலை ஏற்ற வேண்டும். பிறகு மௌஸைக் கழற்றி, தனிக் கம்ப்யூட்டரில் செருகி, பெயின்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஆட்டோஹாட்கீ வைத்திருந்தவர்கள் ஸ்டார்ட்அப் ஃபோல்டரையும் டாஸ்க் ஷெட்யூலரையும் பார்க்க வேண்டும். வேறு பெயரில், தனியாக ஓடும் நிரலாக (இஎக்ஸ்இ) ஆக்கிய ஸ்கிரிப்ட் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. ஒரு அழுத்தலுக்குச் சில மில்லிவிநாடி இடைவெளியில் இரண்டு க்ளிக் விழுந்து, அதுவும் பத்தில் இரண்டு மூன்று முறை மட்டுமே நடந்தால், அது மேக்ரோ அல்ல, ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. மேக்ரோ தவறாமல் வரும்; தேய்ந்த ஸ்விட்ச் நினைத்தால் வரும். டிபவுன்ஸ் நேரத்தை (ஒரு க்ளிக்குக்குப் பின் அடுத்ததைக் கணக்கில் எடுக்காமல் மௌஸ் காத்திருக்கும் நேரத்தை) கூட்டும் வசதி இருந்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். இல்லையென்றால் சால்டரை உருக்கி, மூன்று கால் உள்ள அந்தச் சின்ன ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புது ஸ்விட்சைச் சால்டர் வைக்க வேண்டும். வைத்த பிறகு அந்த 50 க்ளிக்கையும் மறுபடி பதிந்து பாருங்கள்.