மூன்றாம் தொட்டி: நாட்குறிப்பு

பிப்ரவரி 3

அறைக்குள் விளக்கொளியில் வளரும் மூன்றாம் தொட்டி மிளகாய்ச் செடியின் உச்சி இலைகள் இன்று காலை ஓடம்போல் விளிம்பு தூக்கி நின்றன. மற்ற மூன்று செடிகளிலும் அதே சுருளல் சற்றுக் குறைவாகத் தென்பட்டதால் விளக்கின் மேல்தான் சந்தேகம் போயிற்று. வெப்பமானியை இலை மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். 33 டிகிரி காட்டியது. காற்றின் ஈரப்பதம் 38 சதவீதம்தான். வேர் உறிஞ்சித் தரும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகும்போது, செடி தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ள விளிம்பை மேலே மடிக்கும். எல்இடி விளக்கை 20 சென்டிமீட்டரிலிருந்து 40க்கு உயர்த்திவிட்டு, ஈரப்பதமூட்டியையும் ஓடவிட்டேன்.

பிப்ரவரி 4

மாற்றம் எதுவும் இல்லை. ஒரே நாளில் இருக்கவும் இருக்காது.

பிப்ரவரி 6

ஒன்று, இரண்டு, நான்காம் தொட்டிகளின் இலைகள் விரிந்துவிட்டன, மூன்றாவது மட்டும் அசையவில்லை. தொட்டியை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தேன். நீர் விட்டு மூன்று நாளாகியும் கனமாகவே இருந்தது. மண்ணில் நீர் தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டும் என்பதும், அந்த நிலையில் வேர் அனுப்பும் ஒரு வேதிப்பொருள் மேலே சென்று எத்திலீனாக மாறி இலைக்காம்பைக் கீழ்நோக்கி வளைக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தவைதான். தெரிந்தும் அதிகமாகவே ஊற்றியிருக்கிறேன், ஏனென்றால் ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த அறைக்குள் போகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கடினம். இனி தொட்டி இலேசாகும்வரை நீர் விடப்போவதில்லை.

பிப்ரவரி 9

தொட்டி இலேசாகிவிட்டது, இலை சரியாகவில்லை. புதிதாக வரும் இலைகள் ஒடுங்கி, விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, நரம்புகளுக்கு இடையே புடைத்துக் காணப்படுகின்றன. கீழேயுள்ள முதிர்ந்த இலைகளில் ஒரு குறையும் இல்லை. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நீரோட்டத்தோடு மேலே ஏறும், ஆனால் முதிர்ந்த இலையிலிருந்து மறுபடி கிளம்பித் தளிருக்குப் போகாது. ஆகவே பற்றாக்குறை முதலில் தளிரில்தான் தெரியும். இந்த விளக்கம் அவ்வளவு அழகாகப் பொருந்தியதால், கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து நான்கு தொட்டிகளுக்கும் ஊற்றினேன்.

பிப்ரவரி 10

நேற்று ஊற்றியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 13

தூக்கம் வரவில்லை. இலைச்சுருட்டு நோயாக இருக்குமோ என்ற எண்ணம் நேற்று மாலை வந்தது, வந்தது போகவில்லை. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. தொங்கவிட்டிருந்த மஞ்சள் ஒட்டும் அட்டையை விளக்கின் கீழ் வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். தொட்டி மண்ணில் புழங்கும் கரிய குட்டிக் கொசுக்கள் ஒன்பது இருந்தன, வெள்ளை ஈ ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் மனம் ஒப்பாமல் நள்ளிரவில் வேப்பெண்ணெய்க் கரைசலை இலைகளுக்கு அடியில் தெளித்தேன்.

அம்மாவின் கையெழுத்துள்ள பொட்டலத்தில் இன்னும் நான்கு விதைகள்தாம் மிச்சம். பிடுங்க வேண்டியிருந்தால் நாளை பிடுங்குவேன்.

பிப்ரவரி 14

பிடுங்கவில்லை.

பிப்ரவரி 15

மிளகாய் பயிரிடுகிறவர்களின் முதல் பாடமே இதுதான்: இலைப்பேன் என்றால் மேல்நோக்கிச் சுருளும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய, சாறுறிஞ்சும் மஞ்சள் முரணைச் சிலந்தி என்றால் கீழ்நோக்கிச் சுருளும், காம்பும் நீளும். இதை எப்போதோ படித்துமிருக்கிறேன். ஆயினும் சிலந்தி என்பது வெளியே, வயலில் இருப்பது என்று மனத்தின் ஒரு மூலையில் முடிவு செய்து வைத்திருந்தேன் போலும்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் இலையின் அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் பளபளத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. அறுபது மடங்கு கையடக்க நுண்ணோக்கியில் உச்சித் தளிரை வைத்தபோதுதான் முட்டைகள் தெரிந்தன: கண்ணாடிபோல் தெளிந்த நீள்வட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் வரிசை வரிசையாக வெண்புள்ளிகள். அவற்றுக்கு நடுவே ஓர் ஆண் சிலந்தி, இன்னும் முதிராத பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு விறுவிறுவென நடந்து போயிற்று. ஆட்டமெல்லாம் கால் மில்லிமீட்டருக்குள்தான். வெறுப்பு வரவேண்டிய இடத்தில் எனக்கு நிம்மதி வந்தது, அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இவை இளந்திசுவை மட்டுமே உறிஞ்சும். முதிர்ந்த இலைகள் பிழைத்தது அதனால்தான். ஈரப்பதம் மிகுந்த காற்று இவற்றுக்கு உகந்தது. அதைப் பன்னிரண்டு நாள்களாக நானே இயந்திரம் வைத்து ஊட்டியிருக்கிறேன். மூன்று செடிகள் விரிந்து ஒன்று மட்டும் விரியாமல் நின்ற 6ஆம் தேதியன்றே, அந்த ஒன்றுக்கு வேறு காரணம் இருக்கிறது என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூள் இந்தச் சிலந்திக்கு நல்ல மருந்து, ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும். 13ஆம் தேதி இரவின் பதற்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. மிஞ்சியது வெந்நீர்: 43 முதல் 49 டிகிரிக்குள் பதினைந்து நிமிடம் மூழ்கியிருந்தால் சிலந்தி சாகும், செடி தாங்கும்.

மிக மோசமாகச் சுருண்ட உச்சியைக் கத்தரித்துப் பையில் கட்டினேன். மண் சரியாதபடி தொட்டி வாயைத் துணியால் இறுக்கி, செடியைத் தலைகீழாக வாளிக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாம் நிமிடத்தில் நீர் 44க்கு இறங்கியதால் ஒரு கையால் தொட்டியைத் தாங்கியபடியே மறுகையால் வெந்நீர் சேர்த்தேன். இலைகளின் அடியில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகள் வெள்ளிபோல் மின்னின. அவற்றுக்குள் ஒளிந்து தப்பிக்குமோ என்று பயந்து செடியை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தேன். பதினைந்தாம் நிமிடத்தில் மணிக்கட்டு நடுங்கிற்று.

ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 18

செடி வாடவில்லை. சுருண்ட இலை இனி நிமிராது. அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. ஆறு முறை பார்த்தேன்.

பிப்ரவரி 20

நான்காம் தொட்டியின் தளிரிலும் இரண்டு முட்டைகள் இருந்தன. போன மாதம் பரிசாக வந்த பூச்செடி அதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் இருக்கிறது. பூத்திருந்ததால் அதை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன், கட்டி வெளியே போட்டேன். முட்டை முழுச் சிலந்தியாக வெதுவெதுப்பான அறையில் ஒரு வாரம்கூட ஆகாது. ஆகவே இரவே இரண்டு செடிகளையும் மூழ்கடித்தேன், மூன்றாவதற்கு இது இரண்டாம் முறை.

பிப்ரவரி 23

முட்டை இல்லை. நம்பவில்லை.

பிப்ரவரி 26

மூன்றாம் தொட்டியில், கத்தரித்த இடத்துக்கு இரண்டு கணு கீழே, இலைக்காம்பின் இடுக்கில் ஒரு துளிர் வந்திருக்கிறது. முதல் இலை நான்கு மில்லிமீட்டர் நீளம், விளிம்பு நேர். இரண்டாவது இன்னும் மடிந்தே இருக்கிறது. இளந்துளிர் மடிந்துதான் பிறக்கும் என்பதால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நுண்ணோக்கியின் மின்கலம் தீர்ந்துவிட்டது, நாளை மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.