ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

பாளையங்கோட்டை வீட்டில் இன்று கேக்குக்காக வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து முடித்த பிறகுதான், தராசின் பேட்டரி தீர்ந்திருப்பது தெரிந்தது.

“தம்பி, 250 கிராம் மைதா எத்தனை கப் வரும்?” என்றார் மதினி.

இரண்டு கப் என்றேன். உடனே அவர் கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளப் போனார், தடுத்துவிட்டேன்.

அப்படி அள்ளினால் ஒரு கப்பில் 150 கிராம் வரைகூட ஏறிவிடும். மாவைக் கரண்டியால் கிளறி, கப்பில் தளர்வாகச் சொரிந்து, கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துவிட்டால் ஏறத்தாழ 125 கிராம் நிற்கும். இரண்டு கப்புக்கு 50 கிராம் கூடினால் கேக் வறண்டு, மேலே வெடித்துப் போகும்.

அரிசியை உழக்கால் அளந்து பழகிய கைக்கு இது விளங்குவது கடினம். அரிசி அழுத்தினாலும் அவ்வளவாக அடங்காது, மைதா அடங்கும்.

அதே கப்பில் சர்க்கரை 200 கிராமும் வெண்ணெய் சுமார் 227 கிராமும் பிடிப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கைப் போட முடியாது. போதாக்குறைக்கு அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. (நம் வீட்டு டீ கப் எந்தக் கணக்கிலும் சேராது.)

கேக்கைக் கப்பால் சமாளித்துவிடலாம். தூத்துக்குடி மக்ரூனுக்கு அது சரிவராது. முந்திரியை எவ்வளவு நைசாகப் பொடித்தோம் என்பதற்கேற்பக் கப்பின் எடையும், முட்டைக்கு முட்டை வெள்ளைக்கருவின் அளவும் மாறும் என்பதால், தராசு இல்லாமல் அந்த வேலையில் நான் இறங்குவதில்லை.