டொலீடோவின் விக்கெட் கீப்பர்

பேஸ்பால் மைதானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நல்ல மனிதர்தான். நான் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டதும், "எப்போது ஊருக்குத் திரும்பிப் போகிறீர்கள்?" என்று கேட்டார். வீட்டுக் கடனை இந்த ஊர் வங்கியில் கட்டுகிறேன், என் மகள் பிறந்ததே இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் என்றெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? "அடுத்த பொங்கலுக்கு" என்றேன். அவருக்குத் திருப்தி. கடலைதான் எனக்குக் கரித்தது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலீடோவில் கோடை என்றால் பேஸ்பால், பேஸ்பால் என்றால் மட் ஹென்ஸ் அணி. மூன்று ஸ்டிரைக், நான்கு பால் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒன்றுதான் பொறுக்கவில்லை. பந்தை அடித்த கையோடு மட்டையைத் தரையில் வீசிவிட்டு ஓடுகிறார்கள். நாம் ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் கீழே சாய்த்து வைப்பது. கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. அது மண்ணில் உருளும்போதெல்லாம் என் கை பதறுகிறது.

மைதானத்தை ஒட்டிய சதுக்கத்துக்கு மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கரின் பெயர். 1884-ல் டொலீடோ புளூ ஸ்டாக்கிங்ஸ் அணியின் கேச்சர். நம் கணக்கில் விக்கெட் கீப்பர். கறுப்பினத்தவர் என்பதை மறைக்காமல் முதல்நிலை லீக்கில் ஆடிய முதல் மனிதர். அன்றைய கேச்சர்களுக்கு இன்றைய தடித்த கையுறை கிடையாது, பெரும்பாலும் வெறுங்கைதான். கார்க் பந்துக்கு வெறுங்கையோடு கீப்பிங் நின்று கோணிப்போன சுண்டுவிரல் எனக்கும் இருக்கிறது. ஆனால் எனக்குப் பந்து போட்டவன் எதிர்வீட்டுப் பையன். வேகமாகப் போடுவதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுவான். வாக்கருக்கு வாய்த்தவர் டோனி முல்லேன். பேஸ்பாலில் எந்தப் பந்து போட வேண்டும் என்று கேச்சர்தான் சைகை காட்டுவார். தன்னோடு ஆடிய கேச்சர்களில் வாக்கரே சிறந்தவர் என்று பின்னாளில் ஒப்புக்கொண்ட அதே முல்லேன், ஒரு கறுப்பரின் சைகைக்குப் பணிய மனமில்லாமல் இஷ்டத்துக்குப் பந்தை எறிந்ததையும் தன் வாயாலேயே சொன்னார். எந்தப் பந்து வரும் என்று தெரியாமல் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர்.

ஆடியது 42 ஆட்டங்கள், பேட்டிங் சராசரி .263. அதாவது நான்கு முறை மட்டை பிடித்தால் ஒரு முறைக்குச் சற்று மேல் வெற்றி. தென்மாநில நகரான ரிச்மண்டில் களமிறங்கினால் கும்பலாக வந்து தாக்குவோம் என்று மிரட்டல் கடிதம் வந்தது. காயங்கள் வேறு. சீசன் முடிவதற்குள்ளேயே அணி அவரை விடுவித்தது. தம்பி வெல்டியும் அதே அணியில் சில ஆட்டங்கள் ஆடினார். அதன்பிறகு கறுப்பர்களுக்குச் சாத்திய கதவு 1947-ல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனுக்குத்தான் திறந்தது.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வாக்கர் 1908-ல் வெளியிட்ட சிறு நூல். அமெரிக்கக் கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவதே வழி என்று அதில் வாதிட்டார். பிறந்தது ஒஹாயோ, ஒபர்லின் கல்லூரியில் படித்தது ஒஹாயோ, பேர் வாங்கியதும் ஒஹாயோ. பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் கேட்டதை, இந்த மண்ணில் பிறந்தவரே தம் மக்களிடம் பதிலாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு வெறுத்துப்போயிருக்க வேண்டும்! அவரும் போகவில்லை. கேடிஸ் என்ற சிற்றூரில் அரங்கு நடத்திப் படம் காட்டினார். 1924-ல் கிளீவ்லாண்டில் இறந்தார்.

நான் போகப்போவதில்லை. பனிக்காலத்துக்கு முன்பே டயர் மாற்றுகிறேன், பக்கத்து வீட்டு வாசல் பனியையும் சேர்த்து அள்ளுகிறேன். இதைவிட ஊர்க்காரனாக என்ன வேண்டும்? மாயவரத்தில் காவிரி வற்றிய மாதங்களில் மணலில்தான் எங்கள் ஆட்டம். பந்து எழும்பாது, எழும்பினால் நாணலுக்குள் போய்விடும். தேடப் போனவன் இருட்டும்வரை வரமாட்டான், அம்மா படித்துறையில் நின்று கத்துவாள். இப்போதும் ஃபோனில், "எப்போதடா வருகிறாய்?" என்கிறாள். அவள் கேட்டால் மட்டும் கோபம் வருவதில்லை.

வாக்கர் பிறந்த அக்டோபர் 7-ஐ 2017-ல் ஒஹாயோ அவர் நாளாக அறிவித்தது. விடுமுறை கிடையாது. சில ஆண்டுகளில் அதே வாரத்தில் வரும் ஆயுத பூஜைக்கும் கிடையாது. வேலை முடிந்து வந்து மகளின் மட்டைக்குச் சந்தனம் வைக்கிறேன். மறுநாள் பயிற்சியில் அவள் அந்தப் பொட்டோடு ஓங்கி அடித்து, மட்டையை வீசிவிட்டு ஓடுகிறாள்.