பகலில் போய் ராத்திரி வரும் நெட்

மதுரை திருநகரில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கீழமாசி வீதி, விளக்குத்தூண் பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்வது நான்தான். மாதா மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் வந்தால் எனக்குச் சோறு தண்ணி இறங்காது. இந்த ஜனவரி 20-ம் தேதி மத்தியானம், ஒரு பருப்புக் கடைக்காரருக்கு 3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனுக்கு வந்த ஓடிபியை வாசித்தார், நான் அடித்தேன், வட்டம் சுற்றியது, நெட் போனது. இப்படி மூன்று முறை. நாலாவது முறை கேட்டதும், "ஏம்மா, நான் யாவாரம் பாக்குறதா, ஒனக்கு நம்பர் வாசிக்கிறதா?" என்று வைத்துவிட்டார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இந்த ரோதனைதான். காலை பத்து, பதினொன்றுக்குப் போகும். ஐந்து நிமிடத்தில் வரும், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒரு குறையும் இருக்காது. வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது நெட் தண்ணியாக ஓடும். "எனக்கு நல்லாத்தானே வருது" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும்.

யாரைக் கேட்டாலும் வைஃபை மேல்தான் பழி போட்டார்கள். மோடம் பீரோவுக்குப் பின்னால் இருந்தது உண்மைதான், இரும்பு பீரோ சிக்னலைத் தின்னும். எடுத்துச் சுவரில் உயரமாக மாட்டினேன். அக்கம்பக்கத்து வைஃபையெல்லாம் ஒரே சேனலில் முட்டிக்கொண்டு நின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினேன். அடுப்படியில் வீடியோ நிற்காமல் ஓடியது, அத்தைக்குச் சந்தோஷம். பத்து மணிக்கு நெட் போவது மட்டும் போய்க்கொண்டேதான் இருந்தது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டும், எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. லேன் கேபிள் ஒன்று வாங்கி லேப்டாப்பை நேரடியாக மோடத்தில் சொருகினேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைகள் இரண்டைத் திறந்து, ஒன்றில் 192.168.1.1-க்குப் பிங், மற்றதில் 8.8.8.8-க்குப் பிங். பிங் என்றால் 'இருக்கியா' என்று கேட்டுக்கொண்டே இருப்பது, இருந்தால் பதில் வரும். முதலாவது வீட்டு மோடம், இரண்டாவது வெளியுலகம். பதினொன்றேகாலுக்கு வெளியுலகம் நின்றது. மோடம் மட்டும் ஒரு மில்லி செகண்டில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. கோளாறு வீட்டுக்குள் இல்லை.

"ஏத்தா, பொட்டில செவப்பு வெளக்கு எரியுது" என்று அத்தை கூப்பிட்டார். எல்ஓஎஸ் விளக்கு. ஃபைபர் வழியாக வர வேண்டிய வெளிச்சம் மோடத்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

புகார் கொடுத்தேன். முதல் தடவை தம்பி ஒருத்தர் ராத்திரி ஏழு மணிக்கு வந்தார். மோடத்திலிருந்த பச்சைத் தலை வயரைக் கழற்றி, வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரில் சொருகினார். மைனஸ் 21 காட்டியது. "லைன் சூப்பரா இருக்குக்கா. ஒங்க லேப்டாப்பத்தான் பாக்கணும்." பகலில் வாங்க தம்பி என்றேன். பகலில் வேறு ஏரியா என்றார். இரண்டாம் தடவை மோடத்தையே மாற்றினார்கள். மூன்றாம் தடவை யாரும் வரவே இல்லை. வீடு பூட்டியிருந்ததால் புகார் முடிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. நான் அந்த நேரம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஆனால் அந்தத் தம்பியால் ஒரு நல்லது நடந்தது. மீட்டரில் வந்த எண் மோடத்துக்குள்ளேயே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். 192.168.1.1 பக்கத்தைத் திறந்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போனால், ஆப்டிகல் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். எப்போதும் மைனஸில்தான் வரும். மைனஸுக்குப் பின்னால் எண் பெருகப் பெருக வெளிச்சம் குறைகிறது. மூன்று கூடினால் வெளிச்சம் பாதி, ஆறு கூடினால் கால்வாசி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் வீட்டு மோடங்களுக்குப் பொதுவாகக் கண் தெரியாமல் போகும், சிவப்பு விளக்கு வந்துவிடும்.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளை புத்தி, எழுதினால்தான் நிம்மதி. காலை ஏழு மணி, மைனஸ் 21.3. ஒன்பதரை, 21.4. பத்தரை, 25.8. பதினொன்று, சிவப்பு. மூன்று, 24. ஆறு மணி, திரும்பவும் 21.3. பத்து நாள் எழுதியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். வெயில். கம்பத்தில் மாட்டியிருக்கும் பெட்டி சூடேறி ஏதோ இணைப்பு விலகுகிறது, சாயங்காலம் குளிர்ந்ததும் சேர்கிறது. தை கடைசியில் ஒரு நாள் காலையிலிருந்து தூறல். அன்றைக்கு முழுக்க 21.3-ஐ விட்டு எண் அசையவே இல்லை. வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். கம்பெனிக்கும் அப்படியே எழுதி மின்னஞ்சல் போட்டேன். தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் தாளில் இருந்த அத்தனை எண்ணும் அந்தத் தப்புக்கு ஒத்துப்போனது.

மாசிப் பச்சை வந்தது. சிவராத்திரிக்குத் தெருவில் பாதி வீடு காலி, எல்லோரும் குலசாமி கோயிலுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு மதினியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் மூன்று நாள். அத்தைக்கு முட்டு வலி என்பதால் நாங்கள் போகவில்லை. அந்த மூன்று நாளும் நல்ல வெயில், மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. நெட்டோ அசையாமல் நின்றது. பன்னிரண்டு மணிக்கு 21.3, இரண்டு மணிக்கு 21.3. சந்தோஷப்பட வேண்டியவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். என் வெயில் கதை செத்துவிட்டது.

நாலாம் நாள் காலை மதினி வீட்டில் ஆள் நடமாட்டம். பத்தரைக்கு 26. மாடிக்கு ஏறினேன்.

கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் மதினி வீட்டு மாடியைத் தாண்டித்தான் வருகிறது. சன்னமான கறுப்பு வயர், நடுவில் கண்ணாடி இழை, துணைக்குக் கம்பி. கைப்பிடிச் சுவரில் இருக்கும் இரும்புக் கொக்கியில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து எங்கள் மாடி வரைக்கும் தலையுயரத்தில் அந்தரத்தில் போகிறது. அதில் வரிசையாக இரண்டு போர்வை, ஒரு ஜமுக்காளம், மூன்று லுங்கி. சொட்டச் சொட்ட. பாரம் தாங்காமல் வயர் தொய்ந்து, கொக்கியில் கட்டிய இடத்தில் முழங்கை மாதிரி மடங்கி நின்றது. கண்ணாடி இழையை அப்படி மடக்கினால் உள்ளே போகிற வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். துணி காயக் காயப் பாரம் குறையும், வயர் நிமிரும், எண்ணும் இறங்கும். மழை நாளில் யாரும் துணி காயப்போடுவதில்லை.

"மதினி, இந்த வயர்ல எதுக்குத் துணி போடுறீக?"

"இது பழைய கேபிள் டிவி வயருன்னுல்ல நெனச்சேன்! நல்லா வெறப்பா இருந்துச்சு, அதான் ஆத்தா. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எங்க கொடி அந்துபோச்சு. இதுல வார நெட்டு ஒனக்கா போகுது?"

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவர் மாடியில் தலையுயரத்துக்கு வயர் இழுத்தவர்களை அல்லவா சொல்ல வேண்டும். ஜமுக்காளத்தை அவரே எடுத்துச் சுவரில் போட்டார். கீழே ஓடிவந்து பார்த்தேன். 22.9.

இவ்வளவு தெரிந்த பிறகும் கம்பெனியில் ஆள் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. கஸ்டமர் கேரில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. இணைய சேவை கொடுக்கும் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குத் தனியாக ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ம் வருஷ விதி சொல்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. புகார் எண்தான் முக்கியம், அது இல்லாமல் ஒன்றும் நகராது. மூன்று புகார் எண்ணையும் போட்டு, காலண்டர் தாள்களையும் ஜமுக்காளம் தொங்கும் வயரையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டாம் நாள் காலை பதினொன்றுக்கு வயதான லைன்மேன் அண்ணன் ஒருத்தர் ஏணியோடு வந்தார்.

கொக்கியைப் பார்த்ததும் கம்பெனியையும் வயர் கட்டிய ஆளையும் சேர்த்தே வைதார். "ஃபைபர இப்பிடியாக்கா கட்டுவாய்ங்க? மாடு கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்காய்ங்க." மடங்கிய இடத்தை நிமிர்த்திவிட்டால் போதாதா என்று கேட்டேன். ஒரு தடவை நெரிந்த இழையை நம்பக் கூடாது என்று, கம்பத்துப் பெட்டியிலிருந்து புது வயரே இழுத்தார். அந்தப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம், உள்ளே வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர் மட்டும்தான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். கரண்ட் போனதால் பெட்டி அணைந்திருக்கும் என்று அதற்கு முன்னால் எத்தனை தடவை நினைத்திருப்பேன். புது வயரை மதினி வீட்டு மாடியைத் தொடாமல், எங்கள் தண்ணித்தொட்டி ஓரமாக ஜிஐ பைப் ஒன்று நட்டு, வளையம் பெரிதாக விட்டுக் கட்டினார். முனையைச் சீவும்போது எட்டிப் பார்க்கப் போனேன். "கண்ணுக்கு நேரா வைக்காதீக, அதுல வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கெடுத்துப்புடும்" என்று தடுத்தார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பச்சைத் தலையை மாட்டியதும் மைனஸ் 19.6.

பைப்புக்கு நானூறு ரூபாய் என் காசு. நெட் இல்லாத நாளுக்குக் கழிவு கேட்டிருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறதாம்.

பழைய வயரை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, அவிழ்க்க நேரமில்லை என்று அண்ணன் அப்படியே விட்டுப் போய்விட்டார். இப்போது அது நிஜமாகவே செத்த வயர். மதினிக்கு விளக்குத்தூணில் வாங்கிவந்த நைலான் கயிறு இன்னும் பிரிக்காமல் அவர் ஜன்னலில் கிடக்கிறது. நேற்று சனிக்கிழமை, ஜமுக்காளம் பழைய இடத்திலேயே காய்ந்தது. இருந்தாலும் போடுவதற்கு முன்னால் சுவர் மேல் எட்டி, "போடவா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.